பேசக் கூப்பிட்டவர்கள்

எங்கள் ஊரில் கூட்டம் போடுகிற இடம் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே இருக்கிற அரசமரத்து மேடை. ஊர்க்காரர்கள் மேடைமேல் உட்காருவார்கள். சேரி ஆட்கள் கீழே, மரத்தின் நிழல் முடிகிற இடத்துக்கு அப்பால் நிற்பார்கள். பொழுது சாயச் சாய நிழல் எங்கள் பக்கம் நீண்டு வந்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளி நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

எனக்கு ஒன்பது வயசு இருக்கும். என் தாத்தாவைக் கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. எங்கள் மாடு ஊர்க்காரர் ஒருவருடைய கம்பங்கொல்லையில் மேய்ந்துவிட்டது என்று பிராது. தாத்தா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

“என்னடா நடந்துது, சொல்லு” என்றார் நாட்டாமை. தாத்தாவைவிட இருபது வயசாவது சின்னவர்.

“மாடு மேஞ்சது வாஸ்தவந்தான் ஆண்டே. புடிச்சிக் கட்ட வூட்ல ஆளில்ல. எல்லாரும் ஒங்க களத்துலதான் இருந்தோம். மூணு நாளா கூலி நெல்லு அளக்கல...”

“அத உடு. மாட்டப் பத்திக் கேட்டா மாட்டப் பத்திச் சொல்லு. சம்பந்தம் இல்லாதத இங்க பேசாத.”

தாத்தா நிறுத்திக்கொண்டார். இருபத்தைந்து ரூபாய் அபராதம். திரும்பி வரும்போது வழியில் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினார்: “பேச உட்டாங்கடா. எதப் பேசணும்ங்கறத மட்டும் அவங்களே வெச்சிக்கினாங்க.”

இந்தப் பேச்சு எனக்கு மறந்தே போயிருந்தது. பல வருஷம் கழித்து டாக்டர் அம்பேத்கரின் ‘சாதியை ஒழிக்கும் வழி’யைப் படிக்கும்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகத்தைப் பலரும் உரையிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன். உரைக்கு முன்னால் சில கடிதங்கள் இருக்கின்றன. ஏதோ பழைய கடிதப் போக்குவரத்து என்று தள்ளிவிட்டுப் போகிறோம். எனக்கு இப்போது உரையைப் போலவே அந்தக் கடிதங்களும் முக்கியமாகப் படுகின்றன. ஒரு மேடை எப்படி ஒரு மனிதனைக் கூப்பிடுகிறது, கூப்பிட்ட பிறகு அவன் வாயை எப்படி அளக்கிறது என்பதெல்லாம் தேதி வாரியாக அங்கே கிடக்கிறது.

லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்று ஒரு அமைப்பு இருந்தது. சாதியை உடைக்கிற சங்கம் என்று அர்த்தம். 1922இல் தொடங்கியது. ஆரிய சமாஜத்தின் செல்வாக்குள்ள சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்கள் நடத்தியது. கலப்பு மணம், சமபந்தி என்று வேலை செய்தவர்கள். கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்துப் பஞ்சாபில் அந்த அளவுக்குப் பேசினவர்களே குறைச்சல். அதனால்தான் இந்தக் கதை நமக்கு வேண்டியிருக்கிறது. சனாதனி வாயைப் பொத்துவதில் சொல்ல என்ன இருக்கிறது? அவன் தொழிலே அது.

மண்டலின் செயலாளர் சந்த் ராம் 1935 டிசம்பர் 12ஆம் தேதி பாபாசாகேப்புக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அதற்கு இரண்டு மாதம் முன்னால், அக்டோபர் 13இல், இயோலாவில், தான் இந்துவாகச் சாகப்போவதில்லை என்று பாபாசாகேப் அறிவித்திருந்தார். இது தெரிந்தேதான் கூப்பிடுகிறார்கள். சாதிப் பிரச்சினையை உங்களைப்போல ஆழமாகப் படித்தவர் வேறு யாருமில்லை என்று கடிதம் புகழ்கிறது. சாதி எந்த மதக் கருத்துகளின்மேல் கட்டப்பட்டிருக்கிறதோ அவற்றை அழிக்காமல் சாதியை உடைக்க முடியாது என்கிற உங்களுடைய புதிய சூத்திரத்தை விரிவாக விளக்க வேண்டும், நாங்கள் அதைப் பத்திரிகையிலும் மேடையிலும் எடுத்துச் சொல்வோம் என்று கேட்கிறது. ஆண்டு மாநாட்டுக்கு நீங்கள்தான் தலைவர், உங்கள் வசதிக்குத் தேதியை மாற்றிக்கொள்கிறோம் என்கிறது. வாசகர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். மதக் கருத்துகளை அழிப்பது பற்றிப் பேசு என்று கேட்டது அவர்கள்.

பாபாசாகேப் முதலில் தயங்குகிறார். சாதி இந்துக்கள் நடத்துகிற சீர்திருத்த இயக்கங்களில் கலந்துகொள்வது அவருக்குப் பிடிக்காது. தன் பாதை வேறு, அவர்கள் பாதை வேறு என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஆனால் அவர்கள் விடவில்லை. பம்பாய்க்கே ஆளனுப்பிச் சம்மதம் வாங்கினார்கள். அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் பஞ்சாபில் புகைச்சல் கிளம்பியது. இந்து மகாசபையின் முன்னாள் தலைவர் பாய் பரமானந்த், மகாத்மா ஹன்ஸ்ராஜ், ஸ்தல ஸ்தாபன மந்திரி கோகுல் சந்த் நாரங், ராஜா நரேந்திர நாத் போன்ற பெரிய மனிதர்கள் விலகிக்கொண்டார்கள். உரையில் ஒரு வரிகூட அப்போது யாருக்கும் தெரியாது. யார் பேசப்போகிறார் என்பதே போதுமானதாக இருந்தது.

பிறகு மண்டலின் சார்பில் ஹர் பகவான் பம்பாய்க்கு வருகிறார். அச்சாகிக்கொண்டிருந்த உரையின் முதல் பகுதியைக் கையோடு வாங்கிப்போகிறார். ஏப்ரல் 14ஆம் தேதி எழுதுகிறார். நன்றாக இருக்கிறது என்கிறார். கூடவே இரண்டு யோசனை. ‘வேதம்’ என்கிற சொல்லைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் விடலாமா, பார்த்துச் செய்யுங்கள் என்பது ஒன்று. கருத்துகள் எல்லாம் உங்களுடையவை, மண்டலுக்குப் பொறுப்பில்லை என்று கடைசியில் ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள் என்பது இன்னொன்று. ஆயிரம் பிரதி வேண்டும் என்று கேட்டு நூறு ரூபாய்க்குச் செக்கும் வைத்திருக்கிறார். மரியாதையான கடிதம். ஒரே ஒரு சொல்தானே கேட்கிறார் என்றுகூடத் தோன்றும். ஆனால் சாதி எங்கிருந்து அதிகாரம் வாங்குகிறது என்று விளக்கச் சொல்லி அழைத்துவிட்டு, அந்த இடத்தின் பெயரை மட்டும் சொல்லாதே என்றால் மிச்சம் என்ன பேசுவது? களத்து மேட்டின் பெயர் சொல்லாமல் கூலி பாக்கியைப் பேசச் சொன்ன மாதிரிதான்.

முழு உரையும் கைக்குப் போனபின் ஏப்ரல் 22ஆம் தேதி அடுத்த கடிதம். இதில் குழைவு குறைந்திருக்கிறது. இந்து மதத்தை அடியோடு அழிப்பது பற்றியும், புனித நூல்களின் ஒழுக்கத்தைச் சந்தேகப்படுவது பற்றியும், நீங்கள் இந்து மதத்தை விட்டுப் போவதாகக் குறிப்புக் காட்டுவது பற்றியும் சொல்கிற பகுதிகள் பொருளுக்குச் சம்பந்தமில்லாதவையாகத் தெரிகின்றன, நீக்கிவிடுங்கள் என்கிறார். முதல் பகுதியோடு முடித்துக்கொள்ளுங்கள், வேண்டுமானால் பிராமணியத்தைப் பற்றிச் சில பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். உரை தேவையில்லாமல் ஆத்திரமூட்டுவதாகவும் குத்துவதாகவும் இருக்கிறதாம். நீக்காவிட்டால் மாநாட்டையே தேதி குறிக்காமல் ஒத்திப்போட வேண்டும் என்று எங்களில் சிலர் நினைக்கிறார்கள் என்றும் இருக்கிறது.

“சம்பந்தம் இல்லாதத இங்க பேசாத.”

லாகூரில் இங்கிலீஷ் படித்த சீர்திருத்தக்காரரும், தென்னாற்காட்டுக் கிராமத்தில் கையெழுத்துப் போடத் தெரியாத நாட்டாமையும் ஒரே சொல்லைத்தான் எடுத்தார்கள். பொய் சொல்கிறாய் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. கூலி அளக்கவில்லை என்பது பொய் என்று நாட்டாமை சொல்லவில்லை. சாஸ்திரத்தில் சாதி இல்லை என்று ஹர் பகவான் சொல்லவில்லை. பொய் என்று சொன்னால் நிரூபிக்க வேண்டும். சம்பந்தமில்லை என்று சொன்னால் யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்.

ஏப்ரல் 27ஆம் தேதி பாபாசாகேப் பதில் எழுதுகிறார். ஒரு கமாவைக்கூட மாற்றமாட்டேன் என்று அவர் அதில் சொன்னது எல்லாருக்கும் தெரியும். சுவரொட்டியில்கூடப் போடுகிறோம். அதே கடிதத்தில் அதற்குப் பக்கத்திலேயே அவர் சொல்லியிருப்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கருத்துக்கு முழுப்பொறுப்பும் என்னுடையது என்கிறார். மாநாட்டுக்கு என் கருத்துப் பிடிக்கவில்லையென்றால் அதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுக்கொள்ளட்டும், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று முன்பே சொன்னேனே என்கிறார். தலைமை உரையாக வேண்டாம், தொடக்க உரையாக வைத்துக்கொண்டு வேறு யாரையாவது தலைவராகப் போடுங்கள் என்றுகூட யோசனை சொல்லியிருக்கிறார்.

அதாவது நாற்காலி வேண்டாம், கைதட்டல் வேண்டாம், பேசி முடித்ததும் அதே மேடையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டாலும் சரி. கேட்பதற்கு முன்னால் வெட்டக்கூடாது, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து கருத்துச் சுதந்திரம் என்பதற்கு இதைவிட ஞாயமான ஏற்பாட்டை இந்த நாட்டில் யாரும் முன்வைத்ததில்லை. அதே மாதம் அமிர்தசரஸில் நடந்த சீக்கியர் மாநாட்டில் தான் கலந்துகொண்டதுதான் இந்த முடிவுக்கு உண்மையான காரணமாக இருக்கும் என்றும் சந்தேகப்படுகிறார். இனி உரையை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம் என்று சொன்னாலும் தலைமை தாங்க வரமாட்டேன் என்று முடிக்கிறார். மே மாதம் நடப்பதாக இருந்த மாநாடு நின்றுபோனது.

1936 மே 15. பேசப்படாத உரையைத் தன் சொந்தச் செலவில் புத்தகமாக்கினார். ஆயிரத்து ஐந்நூறு பிரதி, விலை எட்டணா. இரண்டே மாதத்தில் தீர்ந்தது. மாநாடு நடந்திருந்தால் ஒரு பந்தலுக்குள் சில நூறு பேர் கேட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அந்த வருஷம் ஜூலையில் காந்தி தன் ‘ஹரிஜன்’ பத்திரிகையில் இதைப்பற்றி எழுதினார். வரவேற்புக் குழு செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்கிறார். எந்தச் சீர்திருத்தக்காரனும் இந்த உரையை ஒதுக்கிவிட முடியாது என்கிறார். அப்புறம் எட்டணா விலை அதிகம், இரண்டணாவோ நாலணாவோ வைக்கலாம் என்று யோசனை சொல்கிறார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வரும். பிர்லா வீட்டுப் பணமில்லாமல் ஒரு தீண்டத்தகாதவன் தன் கைக்காசில் போட்ட புத்தகத்துக்கு விலை பேசுகிறார் மகாத்மா! போகட்டும். அடுத்து, சாதிக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறார். இங்கேயும் அதே சொல். அம்பேத்கர் தன்னை மறந்துவிட விடுகிற ஆள் இல்லை என்று ஒரு குத்தலும் உண்டு.

1937இல் இரண்டாம் பதிப்பு வருகிறது. அதில் பாபாசாகேப் என்ன செய்தார் என்று பாருங்கள். காந்தி எழுதின கட்டுரைகளை அப்படியே முழுசாகப் பின்னிணைப்பில் போட்டார். சந்த் ராம் ‘ஹரிஜ’னுக்கு எழுதின கடிதத்தையும் போட்டார். அதற்குக் காந்தி சொன்ன பதிலையும் போட்டார். எல்லாவற்றுக்கும் பிறகுதான் தன்னுடைய மறுப்பு. முன்பக்கத்தில் தன்னை மறுத்தவர்களின் கடிதங்கள், பின்பக்கத்தில் தன்னைக் குத்தினவரின் கட்டுரை. தன் காசில், தன் தாளில். அவர் பேச்சுக்கு லாகூரில் ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. அவர் புத்தகத்தில் எதிராளிக்குப் பக்கம் பக்கமாக இடம் கிடைத்தது. அதற்குள் குஜராத்தியிலும் தமிழிலும் பெயர்ப்பு வந்துவிட்டது என்று அந்தப் பதிப்பின் முன்னுரை சொல்கிறது. தமிழில் கொண்டுவந்தது ‘குடி அரசு’. 1925 காஞ்சிபுரம் மாநாட்டில் தலைவர் நாற்காலியிலிருந்து வகுப்புவாரித் தீர்மானத்தை அனுமதிக்க மறுத்ததும் பெரியார் வெளியேறியதும் நமக்குத் தெரிந்த கதைதானே. தலைவர் மணியை அடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்த கைதான் இந்தப் பேச்சையும் அச்சுக் கோத்தது.

சொந்தத் தாள், சொந்தக் காசு என்கிற புத்தி பாபாசாகேப்புக்கு 1936இல் திடீரென்று வந்ததில்லை. பதினாறு வருஷம் முன்னால், 1920 ஜனவரி 31இல், ‘மூக்நாயக்’ பத்திரிகையை அவர் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பெயர். கோல்ஹாப்பூர் ஷாகு மகாராஜா கொடுத்த இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் உதவியாக இருந்தது. பத்திரிகை வருகிறது என்று ‘கேசரி’யில் ஒரு விளம்பரம் போடக் கேட்டார்கள். இனாமாக இல்லை, காசு கொடுத்து. ‘கேசரி’ மறுத்துவிட்டது. அது திலகரின் பத்திரிகை. அதில் எழுதினதற்காகத்தான் 1908இல் திலகருக்கு ஆறு வருஷம் தண்டனை போட்டு மாண்டலேவுக்கு அனுப்பினான் வெள்ளைக்காரன். பேச்சுச் சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனதாகப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதே பத்திரிகை. வெள்ளைக்காரன் தன் வாயைப் பொத்தினால் அது கொடுமை. மகாரின் விளம்பரத்தைத் தான் திருப்பி அனுப்பினால் அது பத்திரிகை உரிமை.

நம் பக்கத்தில் இது இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதர் எழுந்து எங்களை விஷ்ணு கோயிலுக்குள்ளும் சிவன் கோயிலுக்குள்ளும் விட வேண்டும் என்று கேட்டார். தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி என்பவர் எழுந்து, உங்கள் சாமி மதுரை வீரன், காட்டேரி, கருப்பன், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கானவர்கள் இல்லை என்றார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டார். இந்த விவரம் நமக்கு எப்படித் தெரிகிறது? பண்டிதர் தன் ‘தமிழன்’ பத்திரிகையில் எழுதி வைத்ததால் தெரிகிறது. 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கினார். அந்தப் பத்திரிகை மட்டும் இல்லாவிட்டால் மகாஜன சபையில் நம் ஆள் ஒருவர் எழுந்து நின்றார் என்பதே நமக்கு வந்து சேர்ந்திருக்காது. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் பத்திரிகை தொடங்கியபோது ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி வாயை அடைத்தார்களோ அதையே தலைப்பில் அச்சடித்தார்.

பாபாசாகேப் இறந்த பிறகும் கத்தரிக்கோல் விடவில்லை. அவர் 1956இல் காலமானபோது அச்சாகாமலே கிடந்த கைப்பிரதிகளில் ஒன்று ‘இந்து மதத்தில் புதிர்கள்’. மகாராஷ்டிர அரசு 1987இல் அவருடைய தொகுப்பின் நான்காம் தொகுதியாக வெளியிட்டது. இராமன், கிருஷ்ணன் பற்றிய பிற்சேர்க்கையை நீக்க வேண்டும் என்று சிவசேனை கிளம்பியது. 1988 ஜனவரியில் அமராவதியில் மராட்டா அமைப்புக்காரர்கள் பிரதிகளைக் கொளுத்தினார்கள். அரசு பயந்துபோய் எடுத்துவிடப் பார்த்தது. பிப்ரவரியில் பம்பாய்த் தெருக்களில் இலட்சக்கணக்கில் தலித்துகள் திரண்டார்கள். கடைசியில் ஒரு சமாதானம்: பக்கம் இருக்கும், ஆனால் இந்த அத்தியாயத்தில் உள்ள கருத்துகளோடு அரசுக்கு உடன்பாடு என்று அர்த்தமில்லை என ஒரு குறிப்பும் இருக்கும்.

1936 ஏப்ரல் 14ஆம் தேதிக் கடிதத்தில் ஹர் பகவான் கேட்டதும் இப்படி ஒரு குறிப்பைத்தானே. மண்டலுக்குப் பொறுப்பில்லை என்று போடுங்கள் என்றார். அந்த ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் மாநாடு நடந்திருக்கும் என்றே நினைக்கிறேன். பாபாசாகேப் அதை முன்பே ஒப்புக்கொண்டவர். ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து அரசாங்கத்துக்கு அந்த இடத்துக்கு வந்து சேர இத்தனை இலட்சம் கால்கள் நடக்க வேண்டியிருந்தது.

இங்கே நண்பர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்பார்கள். கூட்டங்களில் பலமுறை கேட்டிருக்கிறார்கள். “உங்களுக்கு மட்டும் முழுச் சுதந்திரம் வேணும். உங்களச் சாதி சொல்லித் திட்டுனா சட்டத்தக் காட்டறீங்க. அதுவும் பேச்சுத்தானே?” கேட்பவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான், லாகூர்க்காரர்களைப் போல.

தாத்தாவை நாட்டாமை ‘டா’ போட்டுக் கூப்பிட்டது ஒரு கருத்து இல்லை. அதற்குத் தாத்தா பதில் கருத்துச் சொல்ல முடியாது. சொன்னால் அபராதம் ஐம்பதாகும், இல்லை வீடு எரியும். பேச்சைப் பேச்சால் எதிர்கொள் என்று சொல்வதற்கு முதலில் இரண்டு பேரும் நிழலில் நிற்க வேண்டும். பாபாசாகேப் இதை அறிந்தவர். 1951இல் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது, பேச்சுரிமைக்கு வரம்பு போடலாமா என்று பத்திரிகைகள் எல்லாம் கூச்சல் போட்டன. சட்ட மந்திரியாக அவர் அதை ஆதரித்துத்தான் நாடாளுமன்றத்தில் பேசினார். பொது ஒழுங்கு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்கிற காரணங்கள் பத்தொன்பதாவது பிரிவில் சேர்ந்தது அப்போதுதான். அந்த வரம்புகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்கிற சொல்லும் சேர்ந்தது. அந்தத் திருத்தத்தை அரசுகள் பிறகு யார்மேல் எப்படிப் பாய்ச்சின என்பது வேறு கதை, அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஒரு கமாவை விட்டுக்கொடுக்காதவரும், தூண்டிவிடும் பேச்சுக்கு வரம்பு வேண்டும் என்றவரும் ஒரே ஆள்தான். அவருக்கு அதில் முரண் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியாரையும் பழங்குடியினரையும் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. 2015இல் திருத்தியபோது சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதைத் தனியாகவே எழுதினார்கள். அதிலும் ‘பொதுப் பார்வை’ என்கிற இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு கோர்ட்டுகளில் எத்தனை வருஷ வாதம்! நாலு சுவருக்குள்ளே, வெளியாள் யாரும் இல்லாமல் திட்டினால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, திட்டுகிறவனுக்கும் இடம் விட்டுத்தான் இருக்கிறது. வேதம் என்கிற சொல்லைச் சொல்ல பாபாசாகேப்புக்கு அந்த அளவு இடம்கூட இருக்கவில்லை.

இதுவரைக்கும் மற்றவர் கதை. இனி என்னுடையது. இதைச் சொல்லாமல் மேலே எழுதினதையெல்லாம் அச்சுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறு பத்திரிகை நடத்தினோம். ஒன்பது இதழ் வந்தது. எங்கள் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்த ஒரு அக்காவின் வாக்குமூலத்தை மூன்றாம் இதழில் போட்டோம். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல எட்டாவது படிக்கிற மகள் நோட்டில் எழுதியது. எட்டுப் பக்கம். சூளை முதலாளி கொடுத்த முன்பணம், அது கழியாமல் வளர்ந்த கணக்கு, மழையில் கரைந்த பச்சைக் கல்லுக்குக் கூலி இல்லை என்றது, மேஸ்திரியின் வாய். எல்லாம் நெருப்பு மாதிரி இருந்தது. நடுவில் ஆறு வரி. வாரக் கூலியை வாங்கிப்போய்க் குடித்துவிட்டு வந்து தன் புருஷன் தன்னைக் கல் அறுக்கிற சட்டத்தால் அடித்ததைச் சொல்லியிருந்தார்.

நான் அந்த ஆறு வரியையும் அடித்தேன். யாரும் என்னைக் கேட்கச் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. ஊர்க்காரன் படித்தால், பார், இவனுங்களே இப்படித்தான் என்பானே என்று நினைத்தேன். நம் சண்டை முதலாளியோடு, இது எதற்கு இங்கே என்று நினைத்தேன். கூட இருந்த நண்பரிடம் நான் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது: “இது மேட்டருக்குச் சம்பந்தம் இல்ல தோழர்.”

இதழ் வந்ததும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மகள் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படித்தது. அக்கா அடுப்புக்குப் பக்கத்திலிருந்தே கேட்டார். அந்த இடம் வந்து, அந்த இடம் தாண்டியும் போனது. மகள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அக்காதான் கேட்டார்.

“அந்த ஆளு என்ன அடிச்சத நீ அடிச்சிட்டியா தம்பி?”

ஏதேதோ சொன்னேன். பக்கம் போதவில்லை என்றுகூடச் சொன்னேன். எட்டாம் பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருந்தது. அதில் ஒரு பூப்படம் போட்டிருந்தோம். அக்கா ஒன்றும் சண்டை போடவில்லை. டீ போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது மட்டும், “எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்” என்றார்.

நோட்டுத் தாளை அச்சகத்திலேயே விட்டுவிட்டிருந்தேன். தேடிப்போனபோது பழைய பேப்பரோடு போயிருந்தது. அடுத்த இதழுக்கு முன்னால் மறுபடி சூளைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, அந்த இடத்தை மட்டும் திரும்பச் சொல்ல முடியுமா என்றேன். “ஒரு தடவ சொன்னதே பெருசு தம்பி” என்றார். இரண்டு வாரம் கழித்து மகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தது.

ஆறு வரியாக இருந்தது இப்போது பதினாலு வரியாக இருந்தது. கடைசி மூன்று வரி என்னைப் பற்றி. நான்காம் இதழில், முதல் பக்கத்தில், பெட்டி கட்டிப் போட்டோம். எழுத்துப்பிழைகூடத் திருத்தவில்லை.